இரண்டு ஜூன் முப்பதுகள்

1994 ஜூன் 30. வாஷிங்டனில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்றின் முன்பு இரண்டு இளைஞர்கள் சாட்சியம் அளிக்க அமர்ந்திருந்தார்கள். ஒருவர் கிடார் வாசிப்பவர், மற்றவர் பேஸ் கிடார் வாசிப்பவர். இசை நிகழ்ச்சிகளுக்கான நுழைவுச்சீட்டு விற்பனையை ஒரே நிறுவனம் தன் பிடிக்குள் வைத்திருக்கிறது, அதனால் எங்கள் ரசிகர்கள் கூடுதலாகப் பணம் கொடுக்க நேர்கிறது என்பது அவர்களது முறையீடு.

2000 ஜூன் 30. டென்மார்க்கின் ரோஸ்கில்டே நகரில் ஆண்டுதோறும் நடக்கும் இசைவிழா. மழையில் சேறாகிவிட்ட திடலில் அதே குழு வாசித்துக்கொண்டிருந்தபோது, மேடைக்கு முன்னால் ஏற்பட்ட நெரிசலில் மூச்சுத்திணறி ஒன்பது இளைஞர்கள் மாண்டுபோனார்கள்.

இரண்டும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயல்தான். அதில் விதியைத் தேடும் பழக்கம் நமக்கில்லை. ஆயினும் பேர்ல் ஜாம் என்னும் குழுவின் கதையைச் சொல்ல முற்படும்போது இவ்விரு நாட்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு ரசிகன் மேடைக்கு அருகே வர எவ்வளவு விலை கொடுக்கவேண்டும் என்பதுதான் முதல் நாளில் பேசப்பட்ட பொருள். ஆறு ஆண்டுகள் கழித்து அதே கேள்விக்கு வேறொரு அர்த்தம் வந்து சேர்ந்துவிட்டது.

கிரஞ்ச் இசையைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி இரங்கற்குறிப்புகளாகவே இருக்கின்றன. 1994 ஏப்ரலில் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்ததோடு அந்த வரலாறும் முடிந்துவிட்டதாகச் சொல்லி நூலை மூடிவிடுவார்கள். இருபத்தேழு வயதில் இறந்தவனுக்குக் கிடைக்கும் ஒளிவட்டம், அறுபது வயதிலும் வாசித்துக்கொண்டிருப்பவனுக்குக் கிடைப்பதில்லை. இலக்கியத்திலும் இதே நிலைதான் என்பதை வாசகர்கள் அறிவார்கள். இறவாமல் எஞ்சியவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வியே நமக்கு இங்கு முக்கியமாகப் படுகிறது.

*

முதலில் பின்னணி. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டில், எண்பதுகளில் இசை வணிகத்தின் வரைபடத்திலேயே இல்லாத ஊர். பெரிய குழுக்கள் அங்கு வருவது அரிது. ஆகவே ஊர்ப் பையன்கள் தங்களுக்காகத் தாங்களே வாசித்துக்கொண்டார்கள். பங்க் இசையின் அவசரமும் எழுபதுகளின் ஹெவி மெட்டலுடைய கனமும் கலந்து, வேண்டுமென்றே கரகரப்பாக்கப்பட்ட கிடார் ஒலியோடு ஒரு பாணி அங்கு உருவாயிற்று. கிரஞ்ச் என்றால் அழுக்கு, பிசுக்கு என்று பொருள். கிரீன் ரிவர் என்ற குழுவின் 1987-ஆம் ஆண்டு இசைத்தட்டை விற்க, சப் பாப் என்னும் உள்ளூர்ச் சிறு நிறுவனம் தன் விளம்பரத்தில் அச்சொல்லைப் பயன்படுத்தியது. விளம்பரத்துக்காக எழுதப்பட்ட சொல் ஒரு தலைமுறைக்கே பெயராகிவிட்டது. அந்தப் பெயரைச் சுமந்தவர்களில் எவரும் அதை விரும்பியதாகத் தெரியவில்லை.

கிரீன் ரிவர் உடைந்தபோது இரண்டு கிளைகள் பிரிந்தன. மார்க் ஆர்மும் ஸ்டீவ் டர்னரும் மட்ஹனி என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஸ்டோன் கோஸார்டும் ஜெஃப் அமெண்டும் மதர் லவ் போன் என்ற குழுவுக்குப் போனார்கள். முந்தையவர்கள் பெரும்புகழை நாடாதவர்கள், பிந்தையவர்கள் அதை நாடியவர்கள் என்று ஒரு பேச்சு சியாட்டிலில் அன்று முதலே உண்டு. அப்பேச்சில் உண்மை இருந்தது. பேர்ல் ஜாமை வெகுகாலம் துரத்திய சந்தேகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மதர் லவ் போனின் பாடகர் ஆண்ட்ரூ வுட். ஒப்பனையும் பளபளப்பான உடைகளுமாக, இருபது பேர் கூடிய அறையிலும் பெரிய மைதானத்தில் பாடுவதுபோலவே பாடுவார் என்பார்கள். முதல் முழு ஆல்பம் வெளிவர இருந்த சமயத்தில், 1990 மார்ச் 19 அன்று, ஹெராயின் அளவு மீறியதால் இறந்தார். வயது 24. அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த கிறிஸ் கார்னெல், அப்போது சவுண்ட்கார்டன் குழுவின் பாடகர், நண்பனுக்காகச் சில பாடல்களை எழுதினார். அவை 1991-ல் டெம்பிள் ஆஃப் தி டாக் என்ற பெயரில் ஆல்பமாக வந்தன. கோஸார்டும் அமெண்டும் அதில் வாசித்தார்கள். அதில் வேற்றூர்க்காரர் ஒருவரின் கனத்த குரலும் கேட்கிறது. அவர்தான் எடி வெட்டர்.

வெட்டர் சான் டியகோவில் இரவு நேரங்களில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். பாடகரை இழந்த சியாட்டில் நண்பர்கள், சொற்கள் இல்லாத இசைத்துண்டுகளை ஒலிநாடாவில் பதிந்து தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். முன்பு ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜாக் ஐரன்ஸ் மூலமாக அந்த நாடா வெட்டரிடம் வந்து சேர்ந்தது. இரவு வேலை முடித்து, கடலுக்குப் போய் அலைச்சறுக்கு ஆடிவிட்டுத் திரும்பிய அவர், மூன்று இசைத்துண்டுகளுக்குப் பாடல் எழுதி, தன் குரலையும் அதன்மேல் பதிந்து தபாலில் அனுப்பினார். 1990 அக்டோபரில் சியாட்டில் வந்திறங்கினார். வந்த சில நாட்களிலேயே, 22-ஆம் தேதி, குழு முதல் நிகழ்ச்சியை நடத்திவிட்டது. அப்போது அதற்கு ஒரு கூடைப்பந்து வீரரின் பெயர், மூக்கி பிளேலாக். பின்னர் பெயரை மாற்றிக்கொண்டார்கள் என்றாலும் அவரது சட்டை எண்ணான பத்து, முதல் ஆல்பத்தின் தலைப்பாக நிலைத்துவிட்டது.

ஆக, இக்குழு ஒரு சாவின் மிச்சத்திலிருந்து பிறந்தது. வெட்டர் தபாலில் அனுப்பிய பாடல்களில் ஒன்று, பின்னாளில் அவர்களது அடையாளமாகவே ஆகிவிட்ட அலைவ். ஒரு பையனிடம் அவன் தாய் ஓர் உண்மையைச் சொல்கிறாள்: நீ அப்பா என்று நினைத்திருப்பவர் உன் தந்தை அல்ல, பெற்ற தந்தை இறந்துவிட்டார். வெட்டரின் சொந்த வாழ்வில் நடந்ததுதான் இது. அந்தப் பையனுக்குத் தான் இன்னும் உயிரோடிருக்கிறோம் என்பது ஒரு சுமை, கிட்டத்தட்ட சாபம். ஆனால் பல்லாயிரம் பேர் கூடிய அரங்குகளில் கைகளை உயர்த்தி ரசிகர்கள் அந்த வரியைத் தங்கள் வெற்றி முழக்கமாகப் பாடத் தொடங்கினார்கள். எழுதியவன் நினைத்த பொருளைக் கூட்டம் தலைகீழாக்கிவிட்டது. தன்மேல் இருந்த சாபத்தை ரசிகர்கள் நீக்கிவிட்டார்கள் என்று 2006-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெட்டர் விளக்கினார். வாசகன் படைப்பை மாற்றி எழுதுகிறான் என்று கோட்பாட்டாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை இந்த ஒரு பாடலின் கதை எளிதாகச் சொல்லிவிடுவதாக நமக்குத் தோன்றுவதுண்டு.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் வெட்டர் மேடையில் நின்றதைவிட அந்தரத்தில் தொங்கியதே அதிகம். விளக்குச் சாரங்களில் ஏறுவார், அங்கிருந்து கூட்டத்தின்மேல் குதிப்பார். 1992 ஜூனில் நெதர்லாந்தின் பிங்க்பாப் விழாவில், தொலைக்காட்சி கேமரா பொருத்திய பளுதூக்கியின் நுனியிலிருந்து அவர் கூட்டத்துக்குள் பாய்ந்த காட்சியை இன்றும் இணையத்தில் காணலாம். பார்க்கிற நமக்கு வயிற்றைப் பிசைகிறது. கீழே இருப்பவர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அது. தாங்கிக்கொள்ளவும் செய்தார்கள்.

*

டென் ஆல்பம் 1991 ஆகஸ்டில் வெளிவந்தது. நிர்வாணாவின் நெவர்மைண்ட் அதற்கு அடுத்த மாதம். முதலில் மெதுவாக விற்ற டென், அமெரிக்காவில் மட்டும் பின்னர் ஒரு கோடியே முப்பது லட்சம் பிரதிகளைத் தாண்டியது. எதிர்பாராத இந்த வெற்றி கோபேனுக்குக் கசந்தது. பேர்ல் ஜாம் பெருநிறுவனங்களின் சரக்கு, கிரஞ்ச் என்ற வண்டியில் தொற்றிக்கொண்டவர்கள் என்று பேட்டிகளில் தாக்கினார். அந்தத் தாக்குதல் முழுக்க நியாயமானதல்ல. நிர்வாணாவும் அப்போது ஒரு பெருநிறுவனத்தோடுதான் ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் வெட்டருக்கு அது தைத்திருக்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் அக்குழு செய்தவற்றைப் பார்த்தால், கோபேனின் கேள்விக்குத் தவணை முறையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

முதல் தவணை காணொளி. டெக்சாஸில் வகுப்பறையில் தன்னைச் சுட்டுக்கொண்ட ஒரு மாணவனைப் பற்றிய செய்தித் துணுக்கிலிருந்து பிறந்த பாடல் ஜெரமி. அதன் காணொளியில் துப்பாக்கி தெரியும் காட்சியை எம்டிவி வெட்டிவிட்டதால், பையன் தன் வகுப்புத் தோழர்களைச் சுட்டதாகவே பலர் புரிந்துகொண்டார்கள். 1993-ல் அதற்கு எம்டிவி விருதுகள் குவிந்தன. அதற்குப் பிறகு 1998 வரை பேர்ல் ஜாம் பாடல் காணொளியே எடுக்கவில்லை. எம்டிவி ஒரு குழுவை ஆக்கவும் அழிக்கவும் வல்லதாக இருந்த காலத்தில் இது கடையைத் திறந்துவைத்துக்கொண்டு பெயர்ப்பலகையைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பானது. கடையில் கூட்டம் குறையவில்லை என்பதுதான் வேடிக்கை. 1993 அக்டோபரில் வந்த வெர்சஸ் முதல் வாரத்திலேயே ஏறத்தாழ ஒன்பதரை லட்சம் பிரதிகள் விற்றது. அதே மாதம் டைம் இதழ், பேட்டி தர மறுத்த வெட்டரின் படத்தை அட்டையில் போட்டது.

1994 ஏப்ரல் 8 அன்று கோபேனின் உடல் கண்டெடுக்கப்பட்ட செய்தி வந்தபோது பேர்ல் ஜாம் சுற்றுப்பயணத்தில் இருந்தது. வெட்டர் தன் விடுதி அறையைத் துவம்சம் செய்தார். மறுநாள் குழுவினருக்கு வெள்ளை மாளிகையில் அதிபர் கிளிண்டனைச் சந்திக்கும் வாய்ப்பு இருந்தது. இந்தச் சாவைப் பற்றி நாட்டு மக்களிடம் பேசலாமா என்று அதிபர் கேட்டதாகவும், வேண்டாம், பார்த்துச் செய்பவர்கள் பெருகிவிடுவார்கள் என்று தான் சொன்னதாகவும் வெட்டர் பின்னர் கூறியிருக்கிறார். சில மாதங்களுக்கு முன்புவரை பாட்டுக்காரனாக மட்டும் இருந்தவன், ஒரு தலைமுறையின் துக்கத்துக்குப் பொறுப்பாளனாக நிறுத்தப்பட்ட தருணம் அது. ஒரு மாதத்துக்குள் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின்மீது புகார் கொடுக்கப்பட்டுவிட்டது.

*

அந்தப் புகாரின் உள்விவரம் சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. ஏனெனில் மேற்கத்திய ராக் வரலாறுகளில் இது ஒரு குறும்புக்கார வீம்பாகவே சித்திரிக்கப்படுகிறது.

1991-ல் தன் முக்கியப் போட்டி நிறுவனமான டிக்கெட்ரானை டிக்கெட்மாஸ்டர் கையகப்படுத்திக்கொண்டது. நாடெங்கும் உள்ள பெரிய அரங்குகளோடு அது பல்லாண்டு ஒப்பந்தங்கள் செய்திருந்தது. அந்த அரங்கில் யார் பாடினாலும் சீட்டை டிக்கெட்மாஸ்டர்தான் விற்கும். சீட்டின் விலைக்கு மேல் சேவைக்கட்டணம் என்று ஒரு தொகை வசூலிக்கும். அக்கட்டணத்தில் ஒரு பங்கு அரங்கின் சொந்தக்காரருக்கும் நிகழ்ச்சி அமைப்பாளருக்கும் திரும்பிப் போகும். எனவே கட்டணத்தைக் குறைப்பதில் அவர்கள் எவருக்கும் அக்கறை இல்லை. பாடகருக்கு அதில் பங்குமில்லை, பேச்சுமில்லை. வாங்குபவனுக்கோ வேறு வழியில்லை.

பேர்ல் ஜாம் கேட்டது இதுதான்: சீட்டு 18 டாலர், சேவைக்கட்டணம் அதில் பத்து விழுக்காட்டுக்கு மிகாமல், அதாவது 1.80 டாலர். மொத்தம் இருபது டாலருக்குள் ஒரு பள்ளி மாணவன் உள்ளே வந்துவிட வேண்டும். கட்டணத்தைச் சீட்டிலேயே தனியாக அச்சிட்டுக் காட்ட வேண்டும் என்பதும் கோரிக்கை. டிக்கெட்மாஸ்டர் இசையவில்லை. தங்களைப் புறக்கணிக்கும்படி நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கு அழுத்தம் தரப்படுவதாக குழு குற்றம் சாட்டியது. 1994 மே மாதம் நீதித்துறையின் ஏகபோகத் தடுப்புப் பிரிவிடம் முறையிட்டது. அந்தக் கோடைக்காலச் சுற்றுப்பயணத்தை ரத்து செய்தது. புகழின் உச்சியில், இரண்டு ஆல்பங்கள் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், வீட்டில் உட்கார்ந்தார்கள்.

ஜூன் 30-ல் கோஸார்டும் அமெண்டும் சாட்சியம் அளித்தது இதையொட்டித்தான். மேடையில் வாயே திறக்காத இரண்டு வாத்தியக்காரர்கள் பேசினார்கள். பாடகர் வரவில்லை. வேறு சில பெரிய குழுக்களின் மேலாளர்களும் அவர்களுக்கு ஆதரவாகப் பேசினார்கள். ஆனால் பேச்சோடு நின்றார்கள். வருமானத்தைப் பணயம் வைத்தது இவர்கள்தான்.

1995-ல் வேறொரு சிறு நிறுவனத்தின் துணையோடு, டிக்கெட்மாஸ்டரின் ஒப்பந்தம் எட்டாத இடங்களாகத் தேடிப் பிடித்து ஒரு சுற்றுப்பயணம் ஏற்பாடு செய்தார்கள். சந்தைத் திடல்கள், பூங்காக்கள் என ஊருக்கு வெளியே ஒதுங்கிய இடங்கள் அவை. சாதாரணமாக அரங்கமே செய்து தருகிற வேலிகள், காவல், கழிப்பறை எல்லாவற்றையும் ஒவ்வோர் ஊரிலும் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. நிகழ்ச்சிகள் தள்ளிப்போயின, சில ரத்தாயின. ஜூன் 24 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஐம்பதாயிரம் பேர் முன்னிலையில், உணவு ஒவ்வாமையால் துவண்டுபோன வெட்டர் ஏழே பாடல்களோடு மேடையிலிருந்து இறங்கிவிட்டார். உடனிருந்த மூத்த இசைஞர் நீல் யங் மிச்ச நேரத்தை வாசித்துச் சமாளித்தார். ஜூலைத் தொடக்கத்தில் நீதித்துறை மிகச் சுருக்கமானதோர் அறிக்கையோடு விசாரணையை முடித்துக்கொண்டது. 1998-ல் குழு டிக்கெட்மாஸ்டர் அரங்குகளுக்கே திரும்பிவிட்டது.

தோல்விதான், ஐயமில்லை. ஆனால் அதில் ஒன்று நம் கவனத்துக்குரியது. அரங்கம் என்பது வெறும் கட்டடம் அல்ல என்பதை அவர்கள் அந்த ஆண்டில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். வேலியை எங்கே போடுவது, வெளியேறும் வழி எத்தனை, தண்ணீர் எங்கே என்பதையெல்லாம் ஒரு ராக் குழு யோசிப்பது அன்று அபூர்வம். ஐந்தாண்டு கழித்து வந்த இரவைத் தடுக்க அந்த அறிவும் போதவில்லை என்பது வேறு விஷயம்.

*

இடைப்பட்ட ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். 1994 இறுதியில் வந்த வைட்டாலஜி ஆல்பத்தை, குறுந்தகடு கோலோச்சிய காலத்தில், இரண்டு வாரம் முன்னதாகப் பழைய இசைத்தட்டாகவே வெளியிட்டார்கள். 1996-ன் நோ கோட் ரசிகர்களில் பாதிப்பேரை விரட்டியடித்தது. நம் மதிப்பீட்டில் அதுவே அவர்களது துணிச்சலான ஆல்பம். டெட் மேன் வாக்கிங் திரைப்படத்துக்காக வெட்டர், நுஸ்ரத் ஃபதே அலி கானோடு சேர்ந்து பாடிய இரண்டு பாடல்களைத் தெற்காசிய வாசகர்கள் தேடிக் கேட்கவேண்டும். கவ்வாலியின் பெரும் குரலுக்கு அருகில், தன் குரலை எங்கே அடக்கி வைக்கவேண்டும் என்று தெரிந்த ஒருவரை அதில் கேட்கலாம். டிரம்ஸ் வாசிப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1998-ல் சவுண்ட்கார்டனின் மேட் கேமரன் வந்து, 2025-ல் விலகும்வரை அந்த இருக்கையைக் காத்தார். அக்குழுவின் பாடல்களிலேயே அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மிக உயர்ந்த இடத்தை, இரண்டாவது இடத்தைப் பிடித்தது எது தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு ரசிகர் மன்றத்தினருக்கு மட்டும் அனுப்பிய, அறுபதுகளின் பழைய பாடலொன்றின் மறுபதிவு. லாஸ்ட் கிஸ் என்ற அதன் வருமானம் 1999-ல் கொசாவோ அகதிகளுக்குப் போயிற்று.

*

ரோஸ்கில்டே கோபன்ஹேகனுக்கு அருகில் இருக்கும் சிறு நகரம். அங்கு 1971 முதல் நடக்கும் விழா, லாபநோக்கற்றது. வடக்கு ஐரோப்பாவின் நன்கு நிர்வகிக்கப்படும் விழாக்களுள் ஒன்று என்று பெயர் பெற்றது. அன்று வெள்ளிக்கிழமை. ஆரஞ்சு மேடை எனப்படும் பெரிய மேடையின் முன் சுமார் ஐம்பதாயிரம் பேர். தரை வழுக்கியது.

நெரிசல் சாவு என்றதும் மிதிபட்டு இறப்பதைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. கூட்டம் ஓர் அளவுக்கு மேல் அடர்ந்துவிட்டால் அது திரவம்போல அலையடிக்கத் தொடங்குகிறது. தனிமனிதனின் கால்களுக்கு அங்கே அதிகாரம் கிடையாது. ஒருவர் வழுக்கி விழுந்ததும் அவர்மேல் சாய்ந்திருந்தவர்களுக்குப் பிடிமானம் போய், ஒருவர்மேல் ஒருவராக விழுகிறார்கள். அடியில் இருப்பவர்களால் மார்பை விரித்து மூச்சை உள்ளிழுக்க முடிவதில்லை. பின்வரிசையில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் முன்னே நகர்ந்துகொண்டேயிருப்பார்கள். மேடையில் இருப்பவர்களுக்கோ தலைகளின் கடல் மட்டுமே தெரியும். கத்துபவனின் வாயும் பாடுபவனின் வாயும் அங்கிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தகவல் மேடைக்கு எட்டியதும் வாசிப்பு நின்றது. மூன்று எண்ணுகிறேன், எல்லோரும் மூன்றடி பின்னால் செல்லுங்கள் என்று வெட்டர் வேண்டிக்கொண்டார். கூட்டம் பின்வாங்கியது. அப்போதுதான் கீழே கிடந்தவர்கள் வெளிப்பட்டார்கள். தூக்கி எடுக்கப்பட்ட உடல்களைப் பார்த்து அவர் மேடையிலேயே உடைந்து அழுதார். எட்டுப்பேர் அன்றிரவே இறந்தார்கள். ஒன்பதாமவர் சில நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். டென்மார்க், ஸ்வீடன், ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாட்டு இளைஞர்கள். பதினேழிலிருந்து இருபத்தாறு வயதுக்குள் இருந்தவர்கள்.

கூட்டத்தை உசுப்பிவிட்ட வகையில் குழுவுக்கும் தார்மீகப் பொறுப்பு உண்டு என்ற குரல் ஆரம்பத்தில் டென்மார்க் காவல்துறையின் தரப்பிலிருந்து எழுந்தது. குழு அதை மறுத்தது. முடிவில் யார்மீதும் குற்றவழக்கு தொடரப்படவில்லை. சட்டம் அங்கே நின்றுவிட்டது. ஆனால் பளுதூக்கியின் நுனியிலிருந்து கூட்டத்துக்குள் குதித்த மனிதனால் அங்கே நிற்க முடியுமா?

எஞ்சியிருந்த ஐரோப்பிய நிகழ்ச்சிகளை ரத்து செய்துவிட்டு ஊர் திரும்பினார்கள். குழுவைக் கலைத்துவிடும் எண்ணமும் இருந்தது. அந்நாட்களில் வெட்டரிடம் பேசியவர்களுள் ஒருவர் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட். சிறுவயது முதல் வெட்டர் வழிபட்ட இசைஞர் அவர். ஆனால் அப்போது அவரைத் தவிர வேறெவராலும் பேசியிருக்க முடியாது என்பதற்குக் காரணம் அதுவல்ல. 1979 டிசம்பர் 3 அன்று சின்சினாட்டியில் தி ஹூ நிகழ்ச்சிக்காக வாசலில் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டுப் பதினொரு பேர் இறந்திருந்தார்கள். இருக்கை எண் இல்லாத சீட்டு என்பதால் முந்திக்கொண்டு உள்ளே புக வேண்டிய நிலை. வாசித்து முடிக்கும்வரை குழுவினருக்குச் செய்தியே சொல்லப்படவில்லை. இருபத்தோராண்டுகளாக அதைச் சுமந்தவர், புதிதாகச் சுமக்க நேர்ந்தவனிடம் பேசினார்.

அந்த ஆகஸ்டிலேயே அமெரிக்காவில் மீண்டும் மேடையேறினார்கள். அந்த ஆண்டின் நிகழ்ச்சிகளை ஒவ்வோர் இரவாகப் பதிவுசெய்து, கள்ளப்பதிவுகளுக்கு மாற்றாக மலிவு விலையில் வெளியிட்டது குழு. மொத்தம் 72 தொகுப்புகள். ராக் வரலாற்றில் அதுவரை எவரும் செய்யாதது. ரோஸ்கில்டே இரவு மட்டும் அவற்றில் இல்லை. ஐரோப்பியத் தொகுதியின் இருபத்தைந்தையும் ஒரு ரசிகன் அலமாரியில் வரிசையாக அடுக்கினால், ஜூன் 29-உடன் வரிசை முடிந்துவிடும். நினைவுச்சின்னம் என்று எவரும் அதைச் சொன்னதில்லை. நமக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

2002-ன் ரயட் ஆக்ட் ஆல்பத்தில், லவ் போட் கேப்டன் என்ற பாடலில், இழந்த ஒன்பது பேரைப் பற்றி ஒரு வரி வருகிறது. பெயர்கள் இல்லை, கதறல் இல்லை, நடந்து இத்தனை காலமாயிற்று என்ற குறிப்பு மட்டுமே. மேடையில் பாடும்போது ஆண்டுகளின் கணக்கை வெட்டர் அவ்வப்போது திருத்திப் பாடுவார். இறந்தவர்களின் குடும்பங்களில் சிலரோடு குழுவினர், குறிப்பாக கோஸார்ட், தொடர்பில் இருந்தார்கள். ஆறாண்டுக் காலம் எந்தத் திறந்தவெளி விழாவிலும் வாசிக்கவில்லை. 2006-ல் இங்கிலாந்தின் ரெடிங், லீட்ஸ் விழாக்களில்தான் மீண்டும் வாசித்தார்கள். 2007-ல் கோபன்ஹேகனில், மூடிய அரங்கில், டேனிஷ் ரசிகர்களைச் சந்தித்தார்கள். 2020 ஜூன் 30-ல், இருபதாண்டு நிறைவில், அன்றுமுதல் எதுவும் முன்போல் இல்லை என்ற பொருள்பட ஒரு நீண்ட குறிப்பை வெளியிட்டார்கள்.

*

மற்ற ஜூன் 30-ன் கதை முடிந்துவிடவில்லை. 2010-ல் டிக்கெட்மாஸ்டர், லைவ் நேஷன் என்ற மாபெரும் நிகழ்ச்சி அமைப்பு நிறுவனத்தோடு இணைந்தது. விற்பவன், அமைப்பவன், அரங்கை நடத்துபவன் எல்லாம் ஒரே கூரையின் கீழ். 2022-ல் டெய்லர் ஸ்விஃப்ட் நிகழ்ச்சிச் சீட்டு விற்பனை குளறுபடியாகி லட்சக்கணக்கான இளம்பெண்கள் ஏமாற்றமடைந்த பிறகே பொதுமக்களுக்கு இது உறைத்தது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை, இணைந்த அந்த நிறுவனத்தின்மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. கோஸார்டும் அமெண்டும் சாட்சியம் அளித்து அப்போது முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பேர்ல் ஜாமும் அதற்குள் அதே நிறுவனத்தின் வழியாகவே சீட்டு விற்கப் பழகிவிட்டது. பதினெட்டு டாலர் என்பது பழங்கதை. இதைச் சொல்லிக் காட்டுபவர்கள் உண்டு, சொல்லவும் வேண்டும். தோற்றுப்போனவர்கள் சமரசம் செய்துகொண்டார்கள் என்பது உண்மையே. தனியாகப் போராடியபோது அவர்களோடு யார் நின்றார்கள் என்று கேட்டுவிட்டு அதைச் சொல்வது நியாயமாக இருக்கும்.

அந்தத் தலைமுறைப் பாடகர்களில் ஆலிஸ் இன் செயின்ஸின் லேன் ஸ்டேலி 2002-லும், கிறிஸ் கார்னெல் 2017-லும், மார்க் லேனகன் 2022-லும் போய்ச் சேர்ந்தார்கள். 1990-ல் சேர்ந்த கோஸார்ட், அமெண்ட், மைக் மெக்ரெடி, வெட்டர் ஆகிய நால்வரும் 2024-ல் டார்க் மேட்டர் என்ற ஆல்பத்தோடு மீண்டும் வந்தார்கள். அலைவ் இன்னும் பாடப்படுகிறது. கூட்டமும் இன்னும் அதை முழக்கமாகவே பாடுகிறது.

ரோஸ்கில்டேயில் மேடைக்கு முன்னுள்ள பகுதியை இப்போது தடுப்புகளால் பிரித்து, அளவாகத்தான் ஆட்களை உள்ளே விடுகிறார்கள். வெட்டர் சாரங்களில் ஏறுவதை எப்போதோ விட்டுவிட்டார். இருக்கைகள் இல்லாத திறந்தவெளி நிகழ்ச்சிகள் சிலவற்றில், பாட்டை நிறுத்திவிட்டு அவர் மேடை விளிம்புக்கு வருவதுண்டு. பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். பிறகு மூன்று எண்ணுவார். ஆயிரக்கணக்கானவர்கள் மூன்றடி பின்னால் வைப்பார்கள்.